கழித்த ஓடுகள் கட்டிய நகரம்



அகழாய்வுக் குழியை நேரில் பார்த்தவர்களுக்கு அதன் பக்கத்திலேயே இருக்கும் ஓட்டு முற்றமும் நினைவிருக்கும். குழியிலிருந்து கூடை கூடையாக வரும் பானை ஓடுகளைக் கழுவி, உலர்த்தி, கட்டம் கட்டமாகப் பரப்பியிருப்பார்கள். வாய் விளிம்பு, அடிப்பகுதி, எழுத்தோ கீறலோ உள்ள துண்டு என்று பிரித்து, எண் எழுதி, வரைபடம் போட்டுப் பெட்டியில் வைப்பார்கள். மற்றவை எண்ணி எடைபோட்டபின் ஓரமாகக் குவிந்துவிடும். கிடைத்தவற்றில் பெரும்பங்கு இந்தக் குவியல்தான். கண்ணாடிப் பேழைக்குள் அதற்கு இடம் கிடைப்பதில்லை.

அப்படிக் குவிந்த ஓடுகளைக் கேட்டு வாங்கி ஒரு நகரத்தையே அமைத்தவர் கலைஞர் விவான் சுந்தரம். கேரளத்தில் பெரியாற்றின் கழிமுகத்துக்கு அருகே, வடக்குப் பறவூர்ப் பக்கம் இருக்கிறது பட்டணம் என்ற ஊர். அங்கே 2007 முதல் கேரள வரலாற்று ஆய்வு மன்றம், பி. ஜே. செரியன் தலைமையில் அகழாய்வு நடத்தியது. சேரரின் முசிறி இதுவாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதாக அகநானூறு சொல்லும் அதே முசிறி. 2012 டிசம்பர் 12 அன்று முதல் கொச்சி-முசிறி பினாலே தொடங்கியபோது, பட்டணத்தில் கழித்துவைத்த ஓடுகளைத் தரையில் அடுக்கி, தெருவும் சுவரும் துறையுமாக ஒரு கற்பனை நகரத்தைக் காட்டினார் விவான். அதன்மேல் நீர் பாய, மிளகு மிதக்கப் படம்பிடித்த வீடியோவும் அந்தப் படைப்பின் பகுதி. ‘பிளாக் கோல்டு’ என்று பெயர் வைத்தார்.

பட்டணம்தான் முசிறியா என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. விவானுக்கு அது தடையாக இருக்கவில்லை. முசிறி இப்படித்தான் இருந்தது என்று அவர் சொல்லவே இல்லை. ஆய்வாளர் சான்று இல்லாமல் ஒரு சுவரைக்கூட நீட்ட முடியாது, நீட்டவும் கூடாது. கலைஞருக்கு அந்த உரிமை உண்டு, கற்பனை என்று சொல்லிவிட்டுச் செய்யும் வரை. இந்த எல்லை தெளிவாக இருந்தால் இரண்டு பேருக்கும் ஆதாயம். 2023 மார்ச்சில் விவான் மறைந்தார். அவர் காட்டிய வழியில் நம் தமிழ்நாடு இன்னும் போதிய தூரம் போகவில்லை என்பது என் ஆதங்கம்.

அருங்காட்சியகத்தின் கிடங்குக்குள்ளும் கலைஞர் நுழையலாம். 1992-இல் அமெரிக்காவின் பால்டிமோரில், மேரிலாந்து வரலாற்றுக் கழகத்தில் ஃபிரெட் வில்சன் செய்ததை நினைத்துப் பாருங்கள். வெளியிலிருந்து அவர் எதையும் கொண்டுவரவில்லை. வேலைப்பாடு மிகுந்த வெள்ளிக் கூசாக்களுக்கு நடுவே, அதே நிறுவனத்தின் சேகரிப்பிலிருந்த அடிமை விலங்கை எடுத்து வைத்தார். ‘உலோக வேலை, 1793–1880’ என்று பெயர்ப்பலகை. இரண்டும் ஒரே காலம், ஒரே மண். அருகருகே வைத்தது மட்டும்தான் அவர் வேலை. அதுவே போதுமானதாக இருந்தது.

பழையதை எடுத்துப் புதிய கலை செய்வது நமக்குப் புதிய பழக்கம் இல்லை. நாவலூரிலிருந்து பக்கிங்காம் கால்வாயைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே போனால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். 1966-இல் கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து உருவாக்கியது. கோயில் திருமேனிகளுக்குக் கவசம் அடிக்கும் கைவினைஞர்களின் நுட்பத்தை எடுத்துக்கொண்டு, செப்புத் தகட்டில் நவீனச் சிற்பம் செய்தார் பி. வி. ஜானகிராம். பழையதை நகலெடுக்காமல் அதனோடு பேச முடியும் என்பதற்கு அந்தத் தகடுகளைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ ஓவிய வரிசை 1963-இல் தொடங்கியது. ஜாதகக் கட்டங்கள், கணக்குக் குறிகள், எழுத்துபோலத் தோன்றி வாசிக்கவிடாத வரிகள். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் கீழடியிலும் கொடுமணலிலும் கிடைத்த ஓடுகளின் கீறல் குறியீடுகள்தான் எனக்கு நினைவுக்கு வரும். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று நான் சொல்லவரவில்லை. பானையின் தோளில் யாரோ ஒருவர் கீறிய குறியும், இருபது நூற்றாண்டுகளுக்குப் பின் ஒருவர் திரைச்சீலையில் எழுதிய குறியும் ஒரே அறையில் எதிரெதிரே இருந்தால், நம் குழந்தைகள் கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும். அந்த அறையை யாராவது அமைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அந்த அறையில் வைக்கப் பொருளுக்கு நம் கடற்கரைப் பக்கம் பஞ்சமே இல்லை. திருப்போரூருக்குப் பக்கத்தில் சிறுதாவூரில் பெருங்கற்காலக் கல்வட்டங்கள். செங்கல்பட்டு வட்டாரத்து ஈமக்காடுகளில் கால்கள் வைத்த சுடுமண் பேழைகள். இறந்தவருக்காகச் செய்த ஒரு பெட்டிக்கு வரிசையாகக் குட்டைக் கால்கள் வைக்கத் தோன்றிய அந்தக் குயவரின் மனம் எத்தகையது! அதைப் பற்றி ஓர் அறிக்கை அளவுகளைத் தரும். ஒரு சிற்பி அந்தக் கால்களிலிருந்தே தொடங்குவார். 2004 சுனாமிக்குப் பிறகு மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் வெளிப்பட்ட முருகன் கோயிலில், குரவைக் கூத்து என்று அடையாளம் காணப்பட்ட சுடுமண் பலகையும் கிடைத்தது. மாமல்லபுரத்தின் சிற்பக் கல்லூரி மாணவர்கள் அதன் அருகில் உட்கார்ந்து, தங்கள் காலத்துக் கூத்து ஒன்றை மண்ணில் வடித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

தொல்லியல் துறைக்கும் அருங்காட்சியகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பதிவு முடிந்து, ஆய்வுக்கு இனித் தேவையில்லை என்று நீங்களே முடிவுசெய்த ஓடுகளில் ஒரு பங்கையாவது கலைஞர்களுக்குத் தாருங்கள். ஆண்டுக்கு ஒரு கலைஞரைக் கிடங்குக்குள் அழைத்து, ஆய்வாளரோடு சில மாதங்கள் இருக்கவிடுங்கள். எது சான்று, எது கற்பனை என்று பெயர்ப்பலகையில் பளிச்சென்று எழுதிவிடுங்கள். பெரிய செலவு எதுவும் பிடிக்காது.

வாசகர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். வயலிலோ மனை தோண்டும்போதோ ஓடு கண்ணில் பட்டால் எடுத்துவந்துவிடாதீர்கள். கிடந்த இடத்தை விட்டு நகர்ந்தால் அது தன் சாட்சியை இழந்துவிடும். படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். இந்த மாதம் பிள்ளைகளோடு எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். 1851-இல் தொடங்கியது அது. தொல்லியல் கூடத்தையும், அதே வளாகத்தில் இருக்கும் ஓவியக் கூடங்களையும் ஒரே நாளில் பாருங்கள். எந்தப் பழம்பொருளுக்கு எதிரே எந்த ஓவியத்தை வைப்பீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். நல்ல கடிதங்களை அடுத்த இதழில் வெளியிடுகிறோம். 

அன்புடன்,
ஆசிரியர்
நாவலூர்