அண்ணாச்சி வீட்டு ஆகாய விமானம்

விருதுநகரில் எனக்கு ஓர் அண்ணாச்சி உண்டு. உறவு அல்ல, அந்த ஊரில் பழகிய பெரியவர்கள் எல்லாருமே அண்ணாச்சிதானே! வயது 85. எண்ணெய் வியாபாரத்தை இப்போது பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்கள். அவர் வீட்டுக்கு யார் போனாலும் முதலில் காப்பி வரும். அடுத்தபடியாக அந்தப் படம் வரும்.

மங்கிப்போன பழைய போட்டோ. ஓர் ஆகாய விமானம் நிற்கிறது, சுற்றிலும் கூட்டம். சக்கரத்தின் பக்கத்தில் சட்டையும் வேட்டியும் தோளில் துண்டுமாக ஓர் இளைஞர்.

"இது எங்க தாத்தா! 1910-லே மதராசிலே டி ஏஞ்சலிஸ் துரை பறந்தாரே, அந்த ஏரோப்ளேன்தான் இது" என்பார் அண்ணாச்சி. அந்த வீட்டு மாப்பிள்ளைமார் யாரும் இந்தப் பிரசங்கத்துக்குத் தப்பியதில்லை.

டி ஏஞ்சலிஸ் கதை கட்டுக் கதை அல்ல. அவர் சென்னை மவுண்ட் ரோடில் ஓட்டல் நடத்தியவர். 1909 ஜூலையில் பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் இங்கிலீஷ் கால்வாயைப் பறந்து கடந்தார். அந்தச் செய்தி இவருக்கும் ஆசையை மூட்டிவிட்டது. தாமே ஒரு விமானத்துக்குத் திட்டம் போட்டு, கோச்சு வண்டி கட்டுவதில் பேர்போன சிம்ப்ஸன் கம்பெனியிடம் கொடுத்துக் கட்டச் சொன்னார். பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்தார். 1910 மார்ச்சில் தீவுத்திடலில் ஜனங்களுக்கும் பறந்து காட்டினார். ஹென்றி பெக்கே சுமார் 6,500 கடிதங்களை அலகாபாத்திலிருந்து நைனிக்கு விமானத்தில் கொண்டுபோனாரே, அந்தப் பிரசித்தமான தபால் பயணம் கூட 1911 பிப்ரவரி 18-ஆம் தேதிதான் நடந்தது.

ஆகவே, அண்ணாச்சியின் படம் நிஜமானால் அது பெரிய பொக்கிஷம். போன தடவை பூதக்கண்ணாடியோடு போனேன்.

பழைய விமானப் படத்தை அடையாளம் காண்பதற்கு ஒரு முறை இருக்கிறது. படத்தில் எழுதியிருப்பதை முதலில் படிக்கக் கூடாது. விமானத்தைத்தான் படிக்க வேண்டும். இறக்கைகள் எத்தனை? எஞ்சின் முன்னாலா, பின்னாலா? ஓட்டுகிறவர் எங்கே உட்காருகிறார்? 1910 வாக்கில் பறந்த இரட்டை இறக்கை விமானங்கள் பல, கல்யாணப் பந்தல் காற்றில் கிளம்பியதுபோல இருக்கும். குச்சியும் கம்பியும் வெளியே தெரியும். ஏறி இறங்க உதவும் சிறு இறக்கை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். ஓட்டுகிறவர் கீழ் இறக்கையின்மேல் திறந்தவெளியில் உட்கார்ந்திருப்பார். பிளேரியோவின் விமானம் வேறு ஜாதி. அதற்கு ஒற்றை இறக்கை, எஞ்சின் முன்னால். ஆனாலும் உடம்பின் பின்பகுதி எலும்புக்கூடாகவே தெரியும்.

அண்ணாச்சியின் விமானத்துக்கு இரட்டை இறக்கை. எஞ்சின் மூக்கில் இருந்தது. உடம்பு முழுவதும் மூடியிருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஆசனங்கள். மேல் இறக்கையின் நடுவில் பெட்ரோல் தொட்டி. எனக்குச் சந்தேகம் தட்டியது. இது 'மாத்' அல்லவா? மாத் என்றால் அந்துப்பூச்சி. டி ஹாவிலண்ட் கம்பெனியார் 1925-இல் முதன்முதலாகப் பறக்கவிட்ட சிறு விமானம் அது. பிற்பாடு நம் நாட்டு விமான கிளப்புகளில் எத்தனையோ பேர் அதில்தான் பறக்கக் கற்றார்கள்.

படத்தின் பின்புறம் திருப்பினேன். 'மதராஸ் ஏரோப்ளேன்' என்று பென்சிலில் இருந்தது. அதன் கீழே '1910' என்று பால்பாயிண்ட் பேனாவில் இருந்தது. 1910-இல் பால்பாயிண்ட் ஏது? யாரோ பிற்பாடு எழுதியது!

ஒன்றுதான் புரியவில்லை. விமானத்தின் உடம்பில் 'டி', 'வி' என்று இரண்டு ஆங்கில எழுத்துக்கள். மற்றவற்றைக் கூட்டம் மறைத்துவிட்டது. "டின்னா டி ஏஞ்சலிஸ்தான்!" என்றார் ஒரு மாப்பிள்ளை. ஆங்கிலத்தில் அது வேறு 'டி' ஆயிற்றே!

அன்று சிவகாசியிலிருந்து அண்ணாச்சியின் மைத்துனர் வந்திருந்தார். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த பிறகு, தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அச்சிடும் தொழிலும் அந்த ஊரில் வேரூன்றியது அல்லவா? இவர் இளமையில் கல்லச்சில் வேலை பார்த்தவர். படத்தை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"அத்தான், படம் திரும்பி இருக்கு. சட்டைப் பை வலப் பக்கமா இருக்கு, பாருங்க. கல்லிலே தலைகீழா எழுதினாத்தான் காகிதத்திலே நேரா விழும். அதைப் பார்த்துப் பழகின கண்ணு இது. ஒரு முகக் கண்ணாடி கொண்டாங்க!"

கண்ணாடியில் காட்டினோம். எழுத்துக்கள் இடம் மாறி 'வி.டி.' ஆயின. இரண்டும் திருப்பினாலும் உருவம் மாறாத எழுத்துக்கள்; அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நெகடிவைப் புரட்டி வைத்துப் பிரதி எடுத்திருக்கிறார்கள். வி.டி. என்பது இந்திய விமானங்களுக்கு உரிய அடையாளம். 1920-களின் கடைசியில்தான் அது வழக்கத்துக்கு வந்தது. 1910 பொய்யாய்ப் போயிற்று.

நாற்பது வருஷத்துப் பெருமையை ஒரு கண்ணாடியால் உடைத்துவிட்டோமே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

அண்ணாச்சி நான் சொன்னதைக் கேட்டதாகவே தெரியவில்லை. கண்ணாடியில் அந்த இளைஞரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது புருவத்தின்மேல் ஒரு தழும்பு.

"எங்கப்பாவுக்கு இடது புருவத்திலே பம்பரம் பட்ட தழும்பு இருக்கும்னு எங்கம்மா சொல்லுவாங்க" என்றார் மெதுவாக.

அண்ணாச்சிக்கு இரண்டு வயதாகும்போது தகப்பனார் இறந்துவிட்டார். அவர் படம் ஒன்றுகூட வீட்டில் கிடையாது. இந்தப் போட்டோ கடைக் கிட்டங்கியில் அகப்பட்டபோது அம்மாவும் இல்லை. படத்தில் தழும்பு வலப் பக்கம். பின்னால் 1910 என்று வேறு இருந்தது. தாத்தா என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். 1930-களில் எடுத்த படம் என்றால் தாத்தாவுக்கு ஐம்பது வயதாவது இருக்கும். இவருக்கோ இருபத்தைந்துக்கு மேல் இராது.

மைத்துனர் படத்தைச் சிவகாசிக்கு எடுத்துப்போய், நேராகத் திருப்பிப் பெரிதாகப் பிரதி போட்டுத் தந்தார். பின்புறம் பெயரையும், தெரிந்த விவரங்களையும் அண்ணாச்சியே பென்சிலால் எழுதினார்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பழைய படங்களில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். எல்லாப் படத்திலும் விமானம் நின்று சாட்சி சொல்லாது.

போன வாரம் மறுபடியும் விருதுநகர் போனேன். இம்முறை காப்பிக்கு முன்பே படம் வந்தது. "இது எங்கப்பா" என்றார் அண்ணாச்சி. விமானத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.