இடக்கரடக்கலும் சிறுநீர்ப்பையும்

அவையில் சொல்லத்தகாததை மறைத்துச் சொல்வதை இடக்கரடக்கல் என்கிறது நம் இலக்கணம். பேச்சுக்கு அழகு சேர்க்கும் இவ்வழக்கம் மருத்துவரின் முன்னும் தொடர்வதுதான் சிக்கல். சிறுநீரில் இரத்தம் கண்டதை 'சூடு' என்று சொல்லி மாதக்கணக்கில் இளநீர் குடிப்பவர்கள் நம்மிடையே உண்டு.

சிறுநீர்ப்பையின் உட்சுவரில் அரிதாகத் தோன்றும் வெண்படலத்தை எடுத்துக்கொள்வோம். லூக்கோபிளாக்கியா என்பது இதன் பழைய பெயர். நெடுநாள் செருகியிருக்கும் சிறுநீர்க்குழாய், கல், ஓயாத தொற்று ஆகியவற்றின் உறுத்தலால் பையின் மெல்லிய உட்படலம் தோலைப்போல் தடித்து, நகத்திலும் முடியிலும் உள்ள கெரட்டினை உண்டாக்கத் தொடங்குகிறது. எகிப்தில் இத்தகைய மாற்றத்துக்கு ஒட்டுண்ணிப் புழுவொன்றும் காரணம். தியோடர் பில்ஹார்ஸ் 1851இல் கெய்ரோவில் கண்டறிந்த அப்புழு, 1994இல் புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமையின் புற்றுக்காரணிப் பட்டியலில் முதல் வகையில் இடம்பெற்றது.

இப்படலத்தை ஸ்கேன் மட்டும் காட்டிக்கொடுத்துவிடாது. அகநோக்கிக் குழாயைச் செலுத்திப் பார்க்க வேண்டும். துணுக்கெடுத்து நுண்ணோக்கியில் சோதிக்க வேண்டும். பெண்கள் பலருக்குச் சிறுநீர்ப்பையின் அடிமுக்கோணத்தில் காணப்படும் கெரட்டினற்ற வெண்திட்டு கேடற்றது. பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் இரண்டையும் பிரித்தறிவது திசுச்சோதனையே.

கெரட்டின் உறுதியானாலும் அது புற்று அன்று. எல்லோருக்கும் புற்றாக மாறுவதுமில்லை. மாறக்கூடும், குறிப்பாகப் படலம் பரந்திருந்தால். ஆகவே உறுத்தலின் காரணத்தை நீக்கிவிட்டு, குறித்த இடைவெளிகளில் உள்ளே பார்ப்பதும், சிறுநீரின் உயிரணுக்களைச் சோதிப்பதும், ஐயம் எழுந்தால் மீண்டும் துணுக்கெடுப்பதும் ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டியவை.

இங்கேதான் மொழி மறுபடியும் நம்மைக் கைவிடுகிறது. 'புற்று இல்லை' என்று கேட்டவர் அடுத்த சோதனைக்கு வருவதில்லை. 'புற்றுக்கு முந்தையது' என்று கேட்டவரோ அன்றே உறக்கத்தை இழக்கிறார். உண்டு, இல்லை என்ற இரண்டே சொற்களில் உடலை அடக்கப் பார்க்கிறோம். 'கூடும்' என்பதைப் பொறுமையாக விளக்க மருத்துவருக்கு நேரமில்லை. கேட்க நமக்கும் பழக்கமில்லை.

மருத்துவமனைத் தாளில் நான்கு வரிகள் தமிழில் எழுதித் தரலாம்: கண்டது என்ன, எவ்வளவு பரப்பு, அடுத்து எப்போது வரவேண்டும், இரத்தம் கண்டால் தவணைக்குக் காத்திராமல் உடனே வரவேண்டும் என்பது. இது பெரிய செலவன்று. நம் பங்குக்கு, 'மூத்திரத்தில் இரத்தம் போகிறது' என்பதை வீட்டிலும் மருத்துவரிடமும் கூசாமல் சொல்லப் பழகுவோம். இடக்கரடக்கல் அவைக்கு உரியது. மருத்துவரின் அறைக்கு அன்று.