கைப்புண்ணுக்குக் கண்ணாடியா?

கைப்புண்ணைக் காணக் கண்ணாடி எதற்கு என்று நம் முன்னோர் கேட்டனர். இன்றோ, கையைக் காண்பதற்கே கண்ணாடி வேண்டும் என்பார் தோன்றியுள்ளனர். கலப்பு மெய்ம்மை எனும் தலையணிக் கருவியைத் தமிழ்ப்பள்ளி வகுப்புகளுக்குக் கொண்டுவரத் துடிக்கும் நண்பர்களையே குறிப்பிடுகின்றேன். அவர்தம் ஆர்வத்தை மதிக்கின்றேன். அவர்தம் முடிவை மறுக்கின்றேன்.

இம்மறுப்பு வெறும் சொற்போருக்காக எழுந்ததன்று. கிள்ளான் வட்டாரத்தில் யான் பணியாற்றும் பள்ளிக்கு நன்கொடையாளர் ஒருவர் பெருந்தொகை தர முன்வந்தார். அத்தொகைக்கு இக்கருவிகளையே வாங்க வேண்டும் என்பது பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் சிலரது விருப்பம். கைவினை அறையும் நூலகமும் அமைக்க வேண்டும் என்பது என் விருப்பம். முடிவு இன்னும் எட்டப்படவில்லை. இதே வாதம் நாளை உங்கள் பள்ளியிலும் எழும். ஆதலின், இக்கருவியின் இயல்பை முதற்கண் அறிந்துகொள்வோம்.

தலையில் அணியும் காட்சிக் கருவியை அமெரிக்க அறிஞர் ஐவன் சதர்லண்ட் 1968ஆம் ஆண்டிலேயே செய்து காட்டினார். கலப்பு மெய்ம்மைக்கு 1994இல் வரையறை தந்தவர்கள் பால் மில்கிராம், ஃபுமியோ கிஷினோ ஆகிய இருவர். 2023இல் மெட்டாவின் குவெஸ்ட் 3, 2024இல் ஆப்பிளின் விஷன் புரோ ஆகியன விற்பனைக்கு வந்தன. இவற்றை அணிந்தவர் கண்ணாடி வழியே அறையைக் காண்பதாக எண்ணுகிறார். உண்மை அதுவன்று. முன்புறத்துப் படக்கருவிகள் அறையைப் படம்பிடிக்கின்றன; கண்ணருகே உள்ள சிறு திரைகள் அப்படத்தைக் காட்டுகின்றன. அதன்மீது கணினி வரைந்த பொய்யுருக்கள் சேர்கின்றன.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பொய்யான பந்துக்கு முன்னே மெய்யான கை நீளுமாயின், கை பந்தை மறைத்தல் வேண்டும். அதற்குக் கணினி, படத்திலிருந்து கையைக் கத்தரித்து, அதன் தொலைவைக் கணித்து, உரிய இடத்தில் ஒட்டியாக வேண்டும். இவ்வளவும் இமைப்பொழுதினும் விரைவாக நிகழ வேண்டும். வியத்தகு வினையே! ஆயினும், விரல் விரலை மறைக்கும்போதும், கை ஒரு பொருளைப் பற்றியிருக்கும்போதும் கணினி ஊகிக்கத் தொடங்குகிறது. அவ்வூகம் தவறுவதும் உண்டு.

பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் மல்லிகை தொடுக்கும் பெண்மணியை எண்ணிப் பாருங்கள். ஒரு கை காம்புகளைப் பற்ற, மறுகை நாரைச் சுழற்றி முடிச்சிடும். கண் வருவோரைப் பார்க்கும். வாய் விலை பேசும். கை தன் வேலையில் பிழையாது. விரல்கள் ஒன்றையொன்று மறைத்துப் பின்னும் அத்தொழிலில்தான் கருவியின் கண் தடுமாறும். எழுதுகோல் பிடிக்கும் பிள்ளையின் கையும் அத்தகையதே. விரித்துக் காட்டும் கையை எளிதில் அறியும் கருவி, வேலை செய்யும் கையை அறியத் திணறுகிறது.

"மெய்ப்பொருளையும் மெய்க்கையையும் கலந்துதானே காட்டுகிறது? பிறகு என்ன குறை?" என்பர். யான் கேட்கின்றேன்: பொருள் மெய்யாயின், அதைக் காணக் கண்ணாடி எதற்கு? பொருள் பொய்யாயின், அதைத் தொடக் கை எதற்கு? களிமண்ணின் குளிர்ச்சியையும் எடைக்கல்லின் பளுவையும் எந்தத் திரை உணர்த்தும்?

செய்முறை விளக்கம் ஒன்றில், ஏழு வயதுச் சிறுவன் காற்றில் மிதந்த ழகரத்தின்மீது விரலோட்டினான். கருவி அவனைப் பாராட்டியது. பின்னர் அவனைத் தாளில் எழுதச் சொன்னேன். சுழி கோணிற்று, எழுதுகோலின் முனை ஒடிந்தது. எவ்வளவு அழுத்துவது என்பதை அவன் விரல் கற்றிருக்கவில்லை. காற்று எதிர்த்து நிற்பதில்லை அன்றோ?

ஒரு சிறுவனைக் கொண்டு முடிவு கட்டலாமா எனின், ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்றதை நினைவுகூர்வோம். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரி அம்மையார், 1946 வரை இந்தியாவில் தங்கி ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவச் செய்தல் அவர்தம் முறை. நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளும் மணலில் விரல் பதித்தே எழுதினர். சொரசொரப்பும் மணலும் விரலுக்கு ஆசான்களாயின.

இக்கருவியால் பயனே இல்லை என்று கூறேன். இதயத்தின் உட்புறத்தை மருத்துவ மாணவர் காணவும், ஆபத்தான இயந்திரத்தைப் பொறியியல் மாணவர் அறியவும் இது உதவும். அவர்கள் கை பழகியவர்கள். நம் பிள்ளைகளோ 7 முதல் 12 வயதினர். ஆப்பிள் நிறுவனம் 13 வயதுக்குட்பட்டோர்க்குத் தன் கருவி உரியதன்று என்கிறது. மெட்டா 2023இல் தன் வயது வரம்பைத் தளர்த்தியபோதும் 10 வயதுக்குக் கீழ் இறங்கவில்லை. செய்தவரே தயங்குவதை, வாங்குபவர் ஏழு வயதுக் குழந்தையின் தலையில் மாட்டுவது முறையா?

செலவையும் எண்ணுக. விஷன் புரோவின் தொடக்க விலை 3,499 அமெரிக்க டாலர். அன்றைய மதிப்பில் 16,000 ரிங்கிட்டுக்கு மேல். கருவியால் கல்வி தழைக்கும் என்ற வாக்குறுதி நமக்குப் புதிதன்று. நாடு தழுவிய 1பெஸ்தாரிநெட் திட்டம் 2011இல் தொடங்கி 2019இல் முடிவுற்றது. திட்டங்கள் வரும், போகும்; தொடக்கப்பள்ளியில் கை பழகாத பிள்ளைக்கு அந்த ஆறு ஆண்டுகள் மீளா.

ஆசிரியப் பெருமக்களே! நன்கொடை வரின், களிமண் வாங்குங்கள்; தராசும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் வாங்குங்கள்; தோட்டத்திற்கு மண்வெட்டி வாங்குங்கள்; நூலகத்தை நிரப்புங்கள். பூத்தொடுக்கும் பாட்டியை ஒரு நாள் வகுப்பறைக்கு அழையுங்கள். அவ்வம்மையாரின் விரல்களைப் பிள்ளைகள் தம் வெறுங்கண்ணாற் காணட்டும். நாரைத் தம் கையால் முடியட்டும். கை பழகிய பிள்ளைக்குக் கருவி பின்னர் தானே பணியும்.