அலுமாரியில் ஒன்று, ராத்தா வீட்டில் ஒன்று



கொம்பியூட்டர் வாங்கப் போகும்போது எல்லோரும் கேட்பது, "இதன் விலை என்ன?" என்றுதான். "இதற்குள் நான் வைக்கப்போகும் பொருளின் விலை என்ன?" என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. 2022இல்தான் அந்த விலை எனக்குத் தெரிந்தது.

அந்த ஆண்டு மார்ச் மாத இறுதியில் நம் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டப்பட்டது நினைவிருக்கும். ஒரு மாலை அப்புத்தளையில் எங்கள் வீட்டில் கரண்ட் வந்தது, போனது, மறுபடியும் வந்தது. மகன் பாடம் எழுதிக்கொண்டிருந்த கொம்பியூட்டர் அதன்பின் வேலை செய்யவில்லை. உள்ளேயிருந்து "டக், டக்" என்ற சத்தம் மட்டும் கேட்டது. திருத்த வந்தவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "ராத்தா, மெஷின் நல்லம். ஹார்ட் டிஸ்க்தான் போய்ட்டுது" என்றார்.

ஹார்ட் டிஸ்க்கைப் புதிதாக வாங்கலாம். அதற்குள் இருந்த, மௌத்தான என் உம்மாவின் கடைசிப் பெருநாள் படங்களை எந்தக் கடையில் வாங்குவது?

அந்தப் பெட்டிக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழல்கிறது. எழுதும் முனையொன்று அதைத் தொடாமல், தலைமுடியின் தடிப்பை விட மிகக் குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. இவ்வளவு நுட்பமான ஒன்று என்றென்றும் உழைக்கும் என்று நம்பியிருந்தது நம் தவறுதானே?

முடிவில் எங்களுக்கு மிஞ்சியவை ஒன்பது படங்கள். கத்தாரில் இருக்கும் தம்பிக்கு எப்போதோ வாட்ஸ்அப்பில் அனுப்பியவை அவருடைய போனில் இருந்தன. அவை பிழைத்ததற்கு ஒரே காரணம், அவை எங்கள் வீட்டுக்கு வெளியே இருந்ததுதான். சகோதரிகளே, இன்று நான் சொல்ல வந்த பாடமும் இதுவே.

"எங்களிடம் பிரதி இருக்கிறதே!" என்று சிலர் சொல்வீர்கள். எங்கே என்று கேட்டால், "டி டிரைவில்" என்பீர்கள். பல வீடுகளில் சி, டி இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் இரண்டு அறைகள்தான். வீடு இடிந்தால் இரண்டு அறைகளும் சேர்ந்தே இடியும்.

இன்னும் சிலர் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி, அதை எந்நேரமும் கொம்பியூட்டரிலேயே சொருகி வைத்திருப்பார்கள். இடி மின்னலோ வைரஸோ வந்தால் இரண்டும் ஒன்றாகவே போகும். பிரதி எடுத்ததும் கழற்றி அலுமாரியில் வையுங்கள். நம் ஊர் மூடுபனி ஜன்னல் வழியாக வந்து உடுப்பையே ஈரமாக்கிவிடும். ஆகவே காற்றுப் புகாத டப்பாவில், சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பைக்கற்றுகளோடு வைப்பது நல்லது.

போனில் உள்ள படங்கள் கூகிளில் தானாகச் சேர்கின்றன என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு சொல். இடம் போதவில்லை என்று கூகிள் போட்டோஸில் ஒரு படத்தை அழித்தால், கூகிளில் உள்ளதும் அழியும். குப்பைத் தொட்டியில் 60 நாட்கள் கிடக்கும், அதற்குள் மீட்காவிட்டால் இல்லை. இலவசமாகக் கிடைப்பது 15 ஜீ.பீ. இடம் மட்டுமே. இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்ட கணக்கை கூகிள் நீக்கிவிடவும் கூடும். பாஸ்வேர்டை ஒரு கொப்பியில் எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

அப்படியென்றால் எதுதான் சரி? பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய எளிய கணக்கொன்று உண்டு. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறோர் இடத்தில். நம் பாஷையில் சொன்னால், கொம்பியூட்டரில் ஒன்று, அலுமாரியில் ஒன்று, ராத்தா வீட்டில் ஒன்று!

எங்கள் மூன்றாவது பிரதி இப்போது வெலிமடையில் ராத்தா வீட்டில் இருக்கிறது. பெருநாளுக்குப் போகும்போது புதியதைக் கொடுத்துப் பழையதை வாங்கி வருகிறேன். அவருடையது எங்கள் வீட்டில். பென் டிரைவை மட்டும் நம்பி வருடக் கணக்கில் போட்டு வைக்காதீர்கள். கரண்ட் படாமல் கிடந்தால் அதில் பதிந்தவை மெல்ல அழியக்கூடும்.

"வேறு ஊர் வரை எதற்கு?" என்கிறீர்களா? 2014 ஒக்டோபர் 29 காலை, நமக்குக் கீழே கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியதை நாம் மறக்க முடியுமா? உயிர் இழப்புக்கு முன் எதுவும் பெரிதல்ல. ஆனால் தப்பியவர்களுக்கு மறுநாளே கடதாசி தேவைப்படும். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதி, அடையாள அட்டை இவற்றையும் படம் பிடித்து அதே பிரதியில் சேருங்கள். படம் அசலுக்கு ஈடாகாது. ஆனால் இலக்கமும் திகதியும் கையில் இருந்தால், பிரதேச செயலகத்தில் பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதி எடுப்பது இலேசாகும்.

கரண்டைப் பற்றியும் இரண்டு வார்த்தை. யூ.பி.எஸ். என்பது கரண்ட் போனபின் நாடகம் பார்க்க அல்ல. எழுதியதைச் சேமித்து, மெஷினை முறையாக நிறுத்தச் சில நிமிடங்கள் தருவதற்கே. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி தூரத்தில் கேட்கும்போதே பிளக்கைக் கழற்றுங்கள். ரவுட்டருக்கு வரும் டெலிபோன் வயரையும் கழற்றுங்கள்.

திருத்தக் கொடுக்கும்போது குடும்பப் படங்கள் அந்நியர் கையில் போகுமே என்று தயங்குகிறவர்களுக்கும் இதுவே வழி. நல்ல பிரதி இருந்தால், மெஷின் வேலை செய்யும்போதே படங்களை அதிலிருந்து அழித்துவிட்டுக் கொடுக்கலாம்.

கடைசியாக ஒன்று. பிரதி எடுத்தால் மட்டும் போதாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதைச் சொருகி, இரண்டு படங்களைத் திறந்து பாருங்கள். திறக்காத பிரதி, பிரதியே அல்ல!

இந்த வாரம் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். உம்மா, வாப்பாவின் படங்களிலிருந்து தொடங்குங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் 'டொக்கியுமன்ட்' ஆக அனுப்புங்கள், படம் சுருங்காது. என்னிடமுள்ள ஒன்பதும் சுருங்கிய படங்கள்தான். பெரிதாக்கினால் உம்மாவின் முகம் கலங்குகிறது.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.