விநோத வடிவ வெளிநாட்டு செயின் சாக்கள்: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கைபேசியைத் திறந்தாலே இப்போது மரம் அறுக்கும் மிஷின் விளம்பரம்தான். ஒரு கையில் பிடித்துக் கிளையை நறுக்கும் குட்டி பேட்டரி ரம்பம் ஒன்று வருகிறது. சைக்கிள் ஹேண்டில்பார் போல உயரமான கைப்பிடி வைத்த ரஷ்ய ரம்பம் இன்னொரு வீடியோவில் ஓடுகிறது. முதலை வாய் போலக் கிளையைக் கவ்வி அறுக்கும் கருவியும் உண்டு. பார்க்க வேடிக்கையாக இருக்கிறது, சிலவற்றின் விலையும் குறைவு. "நம் தோட்டத்துக்கு இதை வாங்கலாமா?" என்ற கேள்வி வருவது இயல்பு.

இந்த விநோத வடிவங்கள் சும்மா வந்தவை அல்ல. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு மரத்தை, ஒரு குறிப்பிட்ட முறையில் வெட்டுவதற்காகச் செய்யப்பட்டது. அந்த வேலை உங்களிடம் இருந்தால் அது நல்ல கருவி. இல்லையென்றால் பணம் வீண், சில நேரம் கை கால் சேதம். எனவே வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இது எந்த வேலைக்காகச் செய்யப்பட்டது?" என்பதுதான்.

நமக்குத் தெரிந்த ரம்பம் எப்படி வந்தது?

பின்னால் ஒரு பிடி, மேலே குறுக்காக ஒரு பிடி, முன்னால் நீட்டிய பார், அதைச் சுற்றி ஓடும் செயின். இதுதான் நம் ஊர் மரம் வெட்டுபவர்கள் வைத்திருக்கும் சாதாரண பெட்ரோல் ரம்பம். இந்த வடிவம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1926இல் செய்த மின்சார ரம்பத்தின் எடை 64 கிலோ. அதைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரே ஆள் இயக்கும் பெட்ரோல் ரம்பத்தை அவரது நிறுவனம் 1950இல்தான் கொண்டுவந்தது.

செயினின் பல் வடிவம் வந்த கதை விவசாயிகளுக்குப் பிடிக்கும். அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்ற மரம் வெட்டும் தொழிலாளி, 1946இல் ஒரு மரக்கட்டையைத் துளைத்துக்கொண்டிருந்த வண்டின் புழுவைக் கவனித்தார். அது தன் இரண்டு தாடைகளால் இடமும் வலமுமாக மாறி மாறி மரத்தைச் செதுக்கியது. அதே முறையில் இடப்பல், வலப்பல் என மாறி மாறி வரும் செயினை உருவாக்கினார். இன்று நாம் அரம் போட்டுத் தீட்டும் செயின் அந்த வழியில் வந்ததுதான்.

அடுத்து பாதுகாப்பு. ஓடும் பாரின் நுனியில், மேல் பக்கம் மரத்தில் பட்டால், ரம்பம் கண் இமைக்கும் நேரத்தில் மேலே எகிறி அறுப்பவரின் முகத்தையோ கழுத்தையோ நோக்கி வரும். இதைத்தான் 'கிக்பேக்' என்கிறோம். இதைத் தடுக்க ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா நிறுவனம் 1973இல் தானாகப் பிடிக்கும் செயின் பிரேக்கைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 1969இல், கைக்கு அதிர்வு ஏறாதபடி அதிர்வு தடுப்பு அமைப்புடன் ஒரு ரம்பத்தை அது விற்பனைக்கு விட்டிருந்தது. முன்கைப்பிடிக்கு எதிரே இருக்கும் கைக்காப்பு, பிரேக், அதிர்வு தடுப்பு எல்லாம் சேர்ந்த பிறகே இன்றைய வடிவம் முழுமை பெற்றது. விநோத ரம்பம் எதைப் பார்த்தாலும், இவற்றில் எது அதில் இல்லை என்று முதலில் பாருங்கள்.

ரஷ்யாவின் 'ட்ருஷ்பா': நின்றுகொண்டே அறுக்கும் ரம்பம்

ட்ருஷ்பா என்றால் ரஷ்ய மொழியில் 'நட்பு'. சோவியத் ஒன்றியத்தில் 1955இல் வந்த இந்த ரம்பம் பல பத்தாண்டுகள் அந்த நாட்டுக் காடுகளில் ஓடியது. பிறகு 'உரால்' என்ற பெயரிலும் இதே பாணி ரம்பம் வந்தது.

இதன் கைப்பிடிகள் எஞ்சினுக்கு மேலே உயரமாக நிற்கும். பைன், ஸ்ப்ரூஸ் போன்ற உயரமான மரங்களைத் தரையை ஒட்டி நாள் முழுவதும் வெட்ட வேண்டிய காடு அது. சாதாரண ரம்பம் என்றால் ஒவ்வொரு மரத்துக்கும் முதுகு வளைய வேண்டும். உயரப் பிடி இருந்தால் கிட்டத்தட்ட நிமிர்ந்தபடியே அறுக்கலாம்.

இன்னொரு வித்தியாசம் கியர். நம் ரம்பத்தில் எஞ்சின் நேரடியாக செயினைச் சுற்றும். ட்ருஷ்பாவில் நடுவே கியர் பெட்டி உண்டு. டிராக்டரை லோ கியரில் ஓட்டுவது போல, செயின் மெதுவாக ஓடும், இழுவை அதிகம். அந்தக் கியர் பெட்டியை பாரோடு சேர்த்துத் திருப்பி வைக்கலாம். நிற்கும் மரத்தை வெட்டும்போது பார் படுத்த நிலையில் இருக்கும், விழுந்த மரத்தைத் துண்டு போடும்போது நிமிர்ந்த நிலைக்கு மாற்றிக்கொள்ளலாம். கயிறு இழுக்கும் ஸ்டார்ட்டரைக்கூட, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் கழற்றி வைத்துவிடலாம்.

நம் ரம்பத்தோடு ஒப்பிட்டால்? அடிமரம் வெட்ட ட்ருஷ்பா முதுகுக்கு நல்லது. ஆனால் விழுந்த மரத்தில் கிளை கழிக்க அது ஒத்துவராது. உயரப் பிடி கிளைகளுக்கு இடையே முட்டும், 12 கிலோ அளவிலான எடையைத் தூக்கித் திருப்ப வேண்டும். நம் ஊர் வேலையில் பாதி கிளை கழிப்புதான். பழைய மாடல்களில் இன்றைய செயின் பிரேக்கும் கிடையாது. உதிரிபாகத்துக்கு எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. எனவே வீடியோவில் பார்த்து ரசிக்கலாம், தோட்டத்துக்கு வேண்டாம். ஆனால் அது சொல்லும் பாடம் நல்ல பாடம்: குனிந்து அறுப்பது முதுகைக் கெடுக்கும். சாதாரண ரம்பத்தில் அடிமரம் வெட்டும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி உட்கார்ந்து அறுங்கள்.

அமெரிக்காவின் வில் வடிவ பார்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் காகித ஆலைக்கு பைன் மரம் வெட்டுபவர்கள் ஒரு காலத்தில் வில் போல வளைந்த பாரைப் பயன்படுத்தினார்கள். நடுவில் வெற்றிடம், சுற்றிலும் மெல்லிய சட்டம், அதன் விளிம்பில் செயின்.

சவுக்கும் தைலமரமும் வளர்த்து காகித ஆலைக்கு அனுப்பும் விவசாயிகளுக்கு இதன் காரணம் உடனே புரியும். நூற்றுக்கணக்கான மெல்லிய மரங்களை ஒரே அளவில் துண்டு போட வேண்டும். தரையில் கிடக்கும் கட்டையை மேலிருந்து அறுக்கும்போது வெட்டு வாய் மூடிக்கொண்டு, அகலமான சாதாரண பாரைக் கவ்விப் பிடிக்கும். வில் வடிவ பாரின் சட்டம் மெல்லியது என்பதால் அவ்வளவாகச் சிக்காது. நின்றபடியே வேகமாகத் துண்டு போடலாம்.

ஆனால் செயின் வில்லின் வெளி விளிம்பு முழுவதும் திறந்து ஓடுகிறது. எந்தப் பக்கம் எது பட்டாலும் ரம்பம் எகிறும். விபத்துகள் அதிகமானதால் இது புழக்கத்திலிருந்து பெரும்பாலும் போய்விட்டது. பார் சிக்காமல் இருக்க எளிய வழி, கட்டைக்கு அடியில் குறுக்குக் கட்டை கொடுத்துத் தூக்கி வைப்பது. வெட்டு மூடத் தொடங்கினால் பிளாஸ்டிக் அல்லது மர ஆப்பு அடியுங்கள். இரும்பு ஆப்பு செயினைப் பாழாக்கும்.

சுழலும் எஞ்சினும் முதலை வாயும்

ஜெர்மனியின் சாக்ஸ்-டோல்மார் நிறுவனம் 1970களில் வான்கல் எஞ்சின் வைத்த ரம்பம் ஒன்றை விற்றது. பிஸ்டன் மேலும் கீழும் போகாமல், முக்கோண வடிவ உருளை சுழலும் எஞ்சின் அது. அதிர்வு மிகக் குறைவு. ஆனால் சாதாரண எஞ்சினிலேயே ரப்பர், ஸ்பிரிங் வைத்து அதிர்வைக் குறைத்துவிட முடியும் என்றானபோது, இந்தச் சிக்கலான எஞ்சினுக்குத் தேவை இல்லாமல் போனது.

பிளாக் அண்ட் டெக்கரின் முதலை வாய் ரம்பத்தில் செயின் இரண்டு தாடைகளுக்கு உள்ளே மறைந்திருக்கும். கிளையைக் கவ்விய பிறகுதான் அறுக்கும். 4 அங்குல கிளை வரைதான் அதன் எல்லை. பழக்கமில்லாதவர் கவாத்து செய்ய இது ஓரளவு பாதுகாப்பான யோசனை. அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

இன்றைய போக்கு: பேட்டரி ரம்பங்கள்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2021இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி 2024 முதல் அங்கே புதிதாக விற்பனைக்கு வரும் பெரும்பாலான சிறு தோட்டக் கருவிகள் புகை இல்லாதவையாக இருக்க வேண்டும். ஏற்கெனவே வாங்கியதைப் பயன்படுத்தத் தடை இல்லை. 45 சி.சி.யும் அதற்கு மேலும் உள்ள செயின் சாக்களுக்கு இந்த விதி பொருந்தாது. அவற்றை விவசாய, கட்டுமானக் கருவிகள் என்று அந்நாட்டு மத்திய சட்டம் வகைப்படுத்துகிறது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? சிறிய ரம்பம் பேட்டரிக்குப் போகிறது, பெரிய மரம் அறுக்கும் பெட்ரோல் ரம்பம் இப்போதைக்கு இருக்கும். நம் ஊரிலும் இந்தக் கணக்கு பொருந்தும். மா, கொய்யா, எலுமிச்சை கவாத்துக்கு நல்ல பேட்டரி ரம்பம் போதும். முற்றிய புளி, வேம்பு, விழுந்த தென்னை என்றால் பெட்ரோல்தான்.

சிக்கல், ஒற்றைக் கையில் பிடிக்கும் 4 முதல் 6 அங்குல குட்டி ரம்பங்களின் மலிவுப் பதிப்புகளில்தான். ஸ்டிக்கரில் 48, 88 என்று போட்டிருப்பதை வோல்ட் என்று நினைத்து ஏமாறாதீர்கள். உள்ளே 5 லித்தியம் செல் இருந்தால், முழுச் சார்ஜில்கூட 21 வோல்ட்தான் வரும். பெரும்பாலானவற்றில் செயின் பிரேக் இல்லை. எல்லாவற்றையும் விட, ஒரு கை சும்மா இருப்பதால் அந்தக் கை தானாகக் கிளையைப் பிடிக்கப் போகிறது. வெட்டு அங்கேதான் விழும். கிளையைக் கையால் பிடித்துக்கொண்டு ஒருபோதும் அறுக்காதீர்கள்.

மேல்பிடி மட்டும் வைத்த சிறிய பெட்ரோல் ரம்பங்களும் இப்போது கிடைக்கின்றன. அவை மரத்தின் மேல் கயிற்றில் தொங்கி வேலை செய்யும் பயிற்சி பெற்றவர்களுக்கானவை. அவற்றுக்கென்றே ஐ.எஸ்.ஓ. 11681-2 என்ற தனித் தரம் இருக்கிறது. எடை குறைவு என்பதற்காகத் தரையில் நின்று அறுக்க இதை வாங்காதீர்கள். பிடிகள் இரண்டும் அருகருகே இருப்பதால், எகிறினால் அடக்குவது கடினம்.

சி.சி. எண்ணைச் சரிபார்ப்பது எப்படி?

மலிவு பெட்ரோல் ரம்பங்களில் 58, 62 என்று பெரிய எண் ஒட்டியிருக்கும். அதை நம்பாமல் சிலிண்டர் விட்டமும் ஸ்ட்ரோக் அளவும் கேளுங்கள். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, ஸ்ட்ரோக்கால் பெருக்கி, 0.785 ஆல் பெருக்கினால் உண்மையான சி.சி. கிடைக்கும். விட்டம் 4.5 செ.மீ., ஸ்ட்ரோக் 3.2 செ.மீ. என்றால் சுமார் 51 சி.சி.தான். ஸ்டிக்கர் என்ன சொன்னாலும் எஞ்சின் அவ்வளவுதான்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

1. முன் கைக்காப்பை முன்னோக்கித் தள்ளுங்கள். 'டக்' என்று பிரேக் விழ வேண்டும். எஞ்சின் ஓடும்போது செயின் உடனே நிற்க வேண்டும்.

2. பின்பிடியின் மேலுள்ள பூட்டை அழுத்தாமல் ஆக்சிலேட்டர் அமுங்கக் கூடாது.

3. செயின் அறுந்தால் பிடித்துக்கொள்ளும் கொக்கி பாருக்கு அடியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

4. கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே ரப்பர் அல்லது ஸ்பிரிங் இருக்க வேண்டும்.

5. செயினின் பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் எண்ணிக்கை மூன்றையும் எழுதி வாங்கி, அதே செயின் உங்கள் பக்கத்து டவுனில் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். கிடைக்காத ரம்பம் சில மாதத்தில் மூலைக்குப் போய்விடும்.

6. 2டி ஆயில் அளவைக் கேளுங்கள். 25க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மி.லி., 50க்கு 1 என்றால் 20 மி.லி. குறைத்து ஊற்றினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும்.

தென்னை அறுப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. தென்னையின் வெளிப்பகுதி கடினமானது, செயின் சீக்கிரம் மழுங்கும். நார் உள்ளே போய் சுற்றிக்கொள்ளும். அவ்வப்போது எஞ்சினை நிறுத்தி, கவரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். மழுங்கிய செயினை அழுத்தி அறுப்பதுதான் விபத்துக்கு வழி.

வேட்டி, லுங்கி, தோளில் தொங்கும் துண்டோடு ரம்பத்தைத் தொடாதீர்கள். பேன்ட், மூடிய காலணி, கண்ணாடி, காதுக்குக் காப்பு வேண்டும்.

வருடத்துக்கு இரண்டு மரம்தான் அறுக்க வேண்டும் என்றால், ரம்பம் வாங்காமல் அனுபவமுள்ள ஆளைக் கூலிக்கு வைப்பதே லாபம். அடிக்கடி தேவைப்பட்டால், பிரேக் வேலை செய்யும், உதிரிபாகம் கிடைக்கும் சாதாரண ரம்பமே போதும். கடையில் புது வடிவத்தைக் காட்டினால், இதில் பிரேக் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கடைக்காரர் அதைத் தொட்டுக் காட்டிய பிறகு விலை பேசுங்கள்.