மனுவில் எங்கள் கையெழுத்தும் இருக்கிறது

எங்கள் தெருவில் உத்திரட்டாதி நட்சத்திரக்காரர்கள் நான்கு பேர். அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது கோத்திரத்தை மறந்தாலும் நட்சத்திரத்தை மறக்க மாட்டோம். ஆனால் அந்த உத்திரட்டாதி வானத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டால், நான்கு பேருமே கையை எந்தப் பக்கம் நீட்டுவது என்று தெரியாமல் நிற்போம். ஐம்பது வயது தாண்டியவர்கள் சொல்லிக்கொள்ளும்படியான விஷயம் இல்லை இது. ஆனாலும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் நாங்கள் தொலைத்த பொருளுக்குப் போகும் வழி அந்த நட்சத்திரத்திலிருந்துதான் தொடங்குகிறது.

பூரட்டாதியில் இரண்டு, உத்திரட்டாதியில் இரண்டு என நான்கு நட்சத்திரங்கள் ஒரு பெரிய சதுரம் கட்டி நிற்கும். உத்திரட்டாதியின் இரண்டில் வடக்கே இருப்பதிலிருந்து வடகிழக்காகப் போனால் மீராக் என்ற பளிச்சென்ற நட்சத்திரம். அங்கே நின்று வடமேற்காகத் திரும்ப வேண்டும். மங்கலாக ஒன்று, அதைவிட மங்கலாக இன்னொன்று. அந்த இரண்டாவதன் பக்கத்தில், கண்ணாடியில் மூச்சு விட்டது போல ஒரு திட்டு. அதுதான் ஆண்ட்ரோமீடா. நமக்கு மிக அருகிலுள்ள பெரிய சுருள் கேலக்ஸி. அருகில் என்றால் 25 லட்சம் ஒளியாண்டு. இருட்டான ஊரில் வெறுங்கண்ணால் பார்க்கலாம். படம் எடுத்தால் அதன் நீளம் ஆறு முழுநிலவை வரிசையாக அடுக்கிய அளவுக்கு வரும். அவ்வளவு பெரிய பொருள் தினமும் எங்கள் மொட்டை மாடிக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் ஊரான ஆவடியிலிருந்து பார்த்தால் அது வடக்கே 62 டிகிரி உயரம் வரை ஏறும். தண்ணீர்த் தொட்டி மறைக்காத உயரம்.

'நாங்கள்' என்பது ஏழு பேர். மூன்று பேர் டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், ஒருவர் ரயில்வே, ஒருவர் பள்ளியில் அறிவியல் டீச்சர், ஒருவர் மளிகைக் கடை, ஒருவர் எல்.ஐ.சி. ஏஜென்ட். 2010 ஜனவரி 15 அன்று கங்கண சூரிய கிரகணம் வந்தது. கன்னியாகுமரி, ராமேஸ்வரம் பக்கம் முழு வளையம். சென்னைக்குக் கடித்த பிஸ்கட் மட்டும். அந்தச் சூட்டில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஆறங்குலக் கண்ணாடி கொண்ட டெலஸ்கோப் ஒன்று வாங்கினோம். தெருப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் வானம் காட்டுவது என்று தீர்மானம். அறுபது பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்றும் வாங்கி, அட்டையில் 'வானப் பதிவேடு' என்று டீச்சர் எழுதினார்.

பதிவேட்டில் நிரம்பியது இரண்டரைப் பக்கம். சனியின் வளையம் இரண்டு முறை, வியாழன் நான்கு முறை, நிலா எட்டு முறை. ஆண்ட்ரோமீடா ஒரே ஒரு முறை: 'மங்கல். பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை.' பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்று எழுதியவருக்கே இன்றைக்கு அந்த வரியைப் படித்தால் கூச்சமாக இருக்கிறது. ஐப்பீஸில் கண்ணை வைத்தவுடன் படத்தில் வருவது போன்ற நீலச் சுருள் தெரியாது, நடுப்பகுதியின் வெளிச்சம் மட்டும்தான் தெரியும், அதற்கும் கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளிடம் நாங்கள் சொல்லவே இல்லை. வரிசையில் நிற்கவைத்து, ஆளுக்குப் பத்து விநாடி கொடுத்து, "பாத்தாச்சா, நகரு நகரு" என்று திருப்பதி தரிசனம் போல அனுப்பினோம். மூன்றாம் பக்கத்தின் பாதிக்குக் கீழே வாட்டர் கேன் கணக்கு ஆரம்பிக்கிறது.

டெலஸ்கோப் மாடி அறைக்குப் போனது. அதைத் தாங்கிய மரப்பலகை இன்று துளசித் தொட்டிக்குப் பீடம். குழாயின் வாயை மூடும் பிளாஸ்டிக் மூடி எங்கே போனது என்று தெரியவில்லை. உள்ளே அணில் தேங்காய் நாரைத் திணித்துக் கூடு கட்டியிருந்தது. கண்ணாடி மேல் இருக்கும் அலுமினியப் பூச்சு மிக மெல்லியது. ஈரம் பட்டால் புள்ளி புள்ளியாக அரிக்கும். எங்களுடையது கருவாட்டுத் தோல் போல ஆகியிருந்தது. டேங்க்கில் ஒரு ஸ்க்ரூவுக்குத் துரு பிடித்தாலும் ராத்திரி தூங்காத ஆட்கள் நாங்கள். மூடி ஒன்றை வாங்கிப் போட எங்களுக்குப் பத்து வருடமாக நேரமில்லை.

இதெல்லாம் சின்னக் குற்றம். பெரிய குற்றம் மனு.

தெருமுனையில் பழைய மஞ்சள் சோடியம் விளக்குகள் இருந்தன, பாதி எரியாது. ஏரிப் பக்கத்திலிருந்து பாம்பு வரும். ஷிஃப்ட் முடிந்து வரும் பெண்கள் செல்போன் வெளிச்சத்தில் நடந்து வருவார்கள். ஒரு செயின் பறிப்பும் நடந்தது. எனவே உயர்கோபுர விளக்கு வேண்டும், தெருவெல்லாம் வெள்ளை எல்.இ.டி. வேண்டும் என்று மனு எழுதினோம். வரைவு எழுதியது ரயில்வேக்காரர், வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியது எல்.ஐ.சி., முதல் கையெழுத்து டீச்சர். வெளிச்சம் கேட்டதற்காக நாங்கள் வருந்தவில்லை, நாளைக்கும் கேட்போம். அந்த மனுவில் இன்னும் ஒரு வரி எழுதியிருக்கலாம்: விளக்கின் தலைக்கு மூடி போட்டு, வெளிச்சம் தரையைப் பார்த்து மட்டும் விழட்டும் என்று. எழுதவில்லை. அப்படி ஒன்று கேட்கலாம் என்பதே, பதிவேடு வைத்திருந்த எங்களுக்குத் தோன்றவில்லை. விளக்கு எரிந்த முதல் நாள் மாடியில் நின்று, "அடேயப்பா, பகல் மாதிரி இருக்கு" என்று கைதட்டினோம். போதாக்குறைக்கு அவரவர் வீட்டு மாடியிலும் ஒரு ஃப்ளட் லைட். அது யாருக்கு என்று இன்றுவரை யாரும் கேட்டதில்லை. தெருவில் தாழ்வாரத்தில் படுக்கும் பூனை இடம் மாறிவிட்டது, அதுதான் முதலில் மறுப்புத் தெரிவித்த ஜீவன்.

மஞ்சள் சோடியம் விளக்கின் ஒளி பெரும்பாலும் சில நிறங்களுக்குள் அடங்கியது. அதைக் கழித்துவிட்டு வானத்தைப் பார்க்க ஃபில்டர் உண்டு. வெள்ளை எல்.இ.டி. எல்லா நிறத்திலும் பரவுகிறது. கேலக்ஸியின் ஒளி என்பதும் கோடானுகோடி நட்சத்திரங்களின் கூட்டு ஒளிதான், அதுவும் எல்லா நிறத்திலும் இருக்கிறது. இரண்டையும் பிரிக்கும் சல்லடையை இனி எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பகுதியில் கரன்ட் போனது. புயல் ஆந்திரக் கரையைக் கடந்த பிறகு மழை விட்டது. ஏழு மணிக்கு மேல் எல்லாரும் மாடியில்தான் இருந்தோம், டவர் கிடைக்கிறதா என்று போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு. தேய்பிறை, நிலா வர நடுராத்திரி ஆகும். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு விளக்கு இல்லை. மளிகைக் கடைக்காரரின் பேத்தி, ஆறு வயது, மல்லாந்து படுத்திருந்தவள், "தாத்தா, அங்க என்ன ஈஷியிருக்கு?" என்று கேட்டாள். மேகம் விலகிய இடத்தில் சதுரம் நின்றது. அவள் விரல் காட்டிய இடம் சரியான இடம். எங்களில் இரண்டு பேருக்கு அது என்னவென்று தெரியும். ஒருவர், "மேகம்டா கண்ணு" என்றார். இன்னொருவர் சும்மா இருந்தார். போனில் சார்ஜ் நான்கு சதவீதம், கவனம் அதில். டெலஸ்கோப் பத்தடி தள்ளி, பூட்டிய அறைக்குள் அணில் கூட்டோடு இருந்தது. பிறகு ஒரு இரவு கரன்ட் வந்தது, தெருவே விசில் அடித்தது, நாங்களும் அடித்தோம்.

ஒரு வேளை பதிவேடு என்ற வார்த்தையின் கனம் எங்களுக்குப் புரியவே இல்லையோ என்னவோ. 1923 அக்டோபரில் அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் எட்வின் ஹப்பிள் இதே ஆண்ட்ரோமீடாவைக் கண்ணாடித் தகட்டில் படம் பிடித்தார். அதில் ஒரு புள்ளியை, திடீரென வெடித்துப் பிரகாசிக்கும் நோவா என்று நினைத்துக் குறித்தார். அலமாரியிலிருந்து முந்தைய ஆண்டுகளின் தகடுகளை எடுத்து ஒப்பிட்டபோது, அந்தப் புள்ளி முன்பும் கூடியும் குறைந்தும் இருந்தது தெரிந்தது. நோவா என்பதை அடித்துவிட்டு, 'மாறும் நட்சத்திரம்' என்பதன் சுருக்கத்தை ஆச்சரியக்குறியோடு எழுதினார். அந்த வகை நட்சத்திரம் துடிக்கும் காலத்துக்கும் அதன் உண்மையான பிரகாசத்துக்கும் உள்ள உறவை ஹென்ரியட்டா லீவிட் முன்பே கண்டுபிடித்திருந்தார். கணக்குப் போட்டால் தூரம் நமது பால்வீதிக்கு வெளியே எங்கோ போனது. நம் கேலக்ஸியைத் தவிர வேறு கேலக்ஸிகளும் உண்டு என்ற வாதம் அத்தோடு தீர்ந்தது. யாரோ பழைய தகடுகளைத் தூசி தட்டிப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம், எங்கள் அலமாரியில் வாட்டர் கேன் கணக்கு.

நமக்கு அந்தப் பழக்கம் இருந்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் வானாய்வகம் நடந்தது. அங்கே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் தென்வானத்தில் ஒரு மாறும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அந்த ஆய்வகத்தின் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழிலும் பொறித்த எழுத்துகளோடு, வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. ரெட் அலர்ட்டா, ஸ்கூல் லீவா என்று வருடா வருடம் அந்த வளாகத்தின் அறிவிப்புக்குக் காத்திருக்கிறோம். தூணைப் பார்க்க ஏழு பேரில் ஒருவர்கூடப் போனதில்லை.

காவலூரும் அப்படித்தான். இருட்டான தெற்கத்தி வானம் வேண்டும் என்று வானியலாளர் வைணு பாப்பு தேடிப் பிடித்த ஜவ்வாது மலைக் கிராமம். 1968-ல் அங்கே வானாய்வகம் 38 சென்டிமீட்டர் டெலஸ்கோப்போடு ஆரம்பித்தது. 1977-ல் யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று காட்டிய பதிவுகளில் காவலூருடையதும் ஒன்று. 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட பெரிய டெலஸ்கோப்பை, பாப்பு இறந்து மூன்று வருடங்களுக்குப் பிறகு, 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி திறந்துவைத்து அவர் பெயரையே சூட்டினார். எங்கள் ஊரிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். வேன் வைத்து ஏலகிரி போனோம், படகு சவாரி செய்தோம், பலாப்பழம் வாங்கினோம், அங்கிருந்து காவலூர் ஒரு எட்டுதான் என்று டிரைவர் சொன்னார். மறுநாள் ஆபீஸ் என்று திரும்பிவிட்டோம்.

இந்தத் தை மாதம், அந்தப் பேத்தி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தோம். ஆண்ட்ரோமீடா இரவு எட்டு ஒன்பது மணிக்கு உச்சத்துக்கு வருவது ஐப்பசிக் கடைசியிலும் கார்த்திகையிலும். அது எங்களுக்கு அடைமழைக் காலம். மார்கழிக் கடைசியில் போகிப் புகை. பொங்கல் முடிந்து, அமாவாசையை ஒட்டி, ஏழு மணிக்கு அது வடமேற்கே சாய்ந்திருக்கும்போதுதான் கிடைத்தது. டெலஸ்கோப் இனி உதவாது. கல்யாண ஆல்பம் எடுக்கும் பக்கத்துத் தெருத் தம்பி 85 மில்லிமீட்டர் லென்ஸோடு வந்தார். பூமி சுற்றுவதால் ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்தால் நட்சத்திரம் கோடாக இழுபடும். அதனால் இரண்டு இரண்டு விநாடியாக 900 படம், பிறகு லேப்டாப்பில் அத்தனையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுப்பது என்று திட்டம். 900 படம் சேர்ந்தால் இரைச்சலுக்கு எதிராகக் கேலக்ஸி 30 மடங்கு தெளியும், 900-ன் வர்க்கமூலம் 30 என்று டீச்சர் விளக்கினார். லென்ஸின் ஓரத்தில் விழும் கருமையைக் கழிக்க, வெள்ளை வேட்டியை நான்காக மடித்து லென்ஸ் வாயில் கட்டி, அந்தி வெளிச்சத்தில் இருபது படம் எடுத்தார் தம்பி. வேட்டி எல்.ஐ.சி.யுடையது, போன வாரம்தான் கஞ்சி போட்டது.

உயர்கோபுர விளக்கு நேராக லென்ஸில் அடித்தது. அதைப் பார்த்துக்கொள்கிற ஆளிடம் போய், அரை மணி நேரம் அணைக்க முடியுமா என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டார்.

"போடச் சொல்லி மனு எழுதினதே நீங்கதானே சார். ஜெராக்ஸ் எங்கிட்டயே இருக்கு, காட்டட்டுமா?"

திரும்பி வந்து, இரண்டு பேர் கறுப்புப் போர்வையைத் திரை போலப் பிடித்துக்கொண்டு விளக்குப் பக்கம் நின்றோம். கை மரத்துப்போனது. நானூற்றுச் சொச்சமாவது படத்தில் போர்வை நழுவியது. ஆள் மாற்றிப் பிடித்தோம். கீழ்வீட்டு அம்மா மேலே வந்து, "துணி காயப் போடுறீங்களா, இந்நேரத்துல?" என்றார்.

இரவு பதினொன்றரைக்கு லேப்டாப்பில் படம் வந்தது. சாம்பலும் ஆரஞ்சுமான பின்னணியைக் கழித்த பிறகு, சாய்ந்த அரிசி மணி போல ஒன்று. பக்கத்தில் அதன் துணை கேலக்ஸி எம்32, ஊசி முனை. ஒரு ஓரத்தில் தூசிப்பட்டையின் கோடு இருக்கிறது என்று தம்பி சொன்னார். டீச்சர் இருக்கிறது என்றார். மற்ற ஐந்து பேருக்கும் தெரியவில்லை. ஆண்ட்ரோமீடா நமக்குக் கிட்டத்தட்ட விளிம்பைக் காட்டிச் சாய்ந்து நிற்பதால், நல்ல வானத்திலும் சுருளைப் பிரித்துப் பார்ப்பது சிரமம் என்று தம்பி எங்களைத் தேற்றினார். பேத்தி தூங்கிவிட்டிருந்தாள்.

பதிவேட்டைத் தேடி எடுத்தோம். காலிப் பக்கம் இருந்தாலும், விட்ட இடத்திலேயே, வாட்டர் கேன் கணக்குக்குக் கீழேயே எழுதுவது என்று முடிவாயிற்று. தேதி. மாலை 7.10 முதல் 8.05 வரை. ஆண்ட்ரோமீடா. 85 மி.மீ., 2 விநாடி, 900 படம், 212 கழிவு. காரணம்: போர்வை, விமானம், நாங்கள் போட்ட விளக்கு.