காப்பீடு ஏற்காத செலவு

புரோஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுவோர் பெரும்பாலும் மருத்துவமனையில் தங்குவதில்லை. வாரத்தில் 5 நாட்கள் வீதம், பல வாரங்கள் அங்கு வந்து செல்கின்றனர். மும்பை பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனையை நாடி வெளியூரிலிருந்து செல்வோருக்கு, அறை வாடகையும் உணவும் தனிச்சுமை. மருத்துவக் காப்பீடு பொதுவாக இச்செலவை ஏற்பதில்லை. சிகிச்சைக்காகச் செல்லும் நோயாளிக்கும் உடன்செல்வோர் ஒருவருக்கும் ரயில்வே கட்டணச் சலுகை அளிக்கிறது. எனினும் பயணச் செலவினும் தங்கும் செலவே பெரிது.

ஆகவே, காப்பீடு எடுத்ததோடு கடமை முடிந்ததெனக் கருதலாகாது. ஐம்பதைக் கடந்த ஒவ்வொருவரும் இதற்கெனத் தனிச் சேமிப்பு வைத்தல் நலம். அதுவும் கணவன், மனைவி இருவரில் எவரும் தனித்து இயக்கத்தக்க கூட்டுக் கணக்காக இருத்தல் வேண்டும். சிகிச்சையால் சோர்ந்து உறங்குபவரை, பணம் எடுக்கக் கையொப்பம் கேட்டு எழுப்பும் நிலை எந்த மனைவிக்கும் நேரலாகாது.